ஒரே ஒரு கைதியும் நாற்பது தயிர் சாதமும்

கால் சரியில்லாதவனுக்குப் பொறாமை வராது என்று ஊரில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. "பாவம், தங்கமான மனசு" என்பார்கள். பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர் பெயரைக்கூடக் கேட்காமல் என் மனசைப் பற்றிச் சான்றிதழ் கொடுத்துவிடுவார். எனக்குப் போலியோவில் போனது வலது கால் மட்டும்தான். மற்ற மனிதர்களுக்கு இருக்கும் கெட்ட குணம் எல்லாம் எனக்கும் குறைவில்லாமல் இருக்கிறது. அதிலும் பொறாமை கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தப் பொறாமையால் நான் ஒருநாள் போலீஸ் பஸ்ஸில் ஏறினேன். யாரும் தள்ளவில்லை. நானாகத்தான் ஏறினேன். அதுதான் இந்தக் கதை.

என் பெயர் ஏழுமலை. வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்குப் போகிற வழியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். படிப்பு பத்தாவது. கையெழுத்து நன்றாக இருக்கும் என்பதால் திங்கட்கிழமை மனு கொடுக்க வருகிறவர்களுக்கு எழுதியும் கொடுப்பேன். பேச மட்டும் வராது. நாலு பேர் சேர்ந்தாற்போலப் பார்த்தால் நாக்கு மேலே போய் ஒட்டிக்கொள்ளும். (கல்யாணத்துக்குப் பெண் பார்க்கப் போனபோதே நான் பேசியது ஒரே வார்த்தை. "தண்ணி.")

பேசத் தெரியாதவனுக்கு எழுதும் வேலை என்று, எங்கள் மாற்றுத்திறனாளிகள் சங்கத்தில் என்னைச் செயலாளர் ஆக்கினார்கள். பதினாலு வருஷம் "மதிப்பிற்குரிய ஐயா" என்று எழுதி எழுதி எனக்கு 'மனு ஏழுமலை' என்றே பெயர் வந்துவிட்டது. தலைவர் மாணிக்கம் அண்ணனுக்குப் பார்வை கிடையாது. கோயில் பக்கம் ஊதுபத்தி விற்கிறார். என் வலது காலில் மாட்டியிருக்கும் இரும்புக் காலிபரின் முட்டிப் பூட்டு நடக்கும்போது 'கிறீச்' என்று கத்தும். அதை வைத்தே தெருமுனையில் நான் வருவதைக் கண்டுபிடித்துவிடுவார்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பர்வீன் வருகிற வரைக்கும்.

பர்வீனுக்கு அப்போது முப்பது வயசு இருக்கும். அவள் அப்பா டவுனில் பூட்டு ரிப்பேர் கடை வைத்திருந்தார். மாடிப்படியில் விழுந்து முதுகில் அடிபட்டதிலிருந்து சக்கர நாற்காலி. முதல் கூட்டத்திலேயே என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"ஏழுமலைண்ணா, இதுவரைக்கும் எத்தினி மனு எழுதியிருப்பீங்க?"

"ஒரு முந்நூறு இருக்கும்மா." (பெருமையாகத்தான் சொன்னேன்.)

"அதுல எத்தினி நடந்துச்சு?"

நான் காலிபரைத் தடவிக்கொண்டிருந்தேன். மாணிக்கம் அண்ணன்தான் பதில் சொன்னார். "ஒண்ணு நடந்துச்சும்மா. மனு வாங்கற எடத்துல ஃபேன் ஓடலன்னு எழுதினது."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறாமை ஆரம்பித்த நேரம் அதுதான்.

அதற்குப் பிறகு அவள் எது செய்தாலும் எனக்கு எரிந்தது. மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அவளுக்கு. அதிகாரி யாராவது "பார்க்கலாம்மா" என்றால், "என்னிக்கு சார்?" என்று கேட்பாள். நான் பதினாலு வருஷமாக "சரிங்க ஐயா" என்று சொல்லிவிட்டு வந்த அதே அதிகாரிகள் அவளுக்குத் தேதி சொன்னார்கள். என் கடைக்கு எதிரே டீக்கடையில் எனக்குச் சின்ன கிளாஸ், அவளுக்குப் பெரிய கிளாஸ். பேப்பரில் அவள் படம் நாலு தடவை வந்தது. என் படம் ஒரு தடவை வந்தது. அதில் என் முழங்கை மட்டும்தான் தெரிந்தது. அதை வெட்டிப் பர்சில் வைத்திருந்தேன்.

வீட்டிலும் நிம்மதி இல்லை. என் மனைவி செல்வி ஒருநாள் கத்தரிக்காய்க் கொத்சு செய்து டப்பாவில் போட்டாள். எனக்குத்தான் என்று நினைத்தேன்.

"அது பர்வீனுக்கு. பாவம், ஊருக்காக அலையுது அந்தப் பொண்ணு."

"நானும்தான் அலையறேன்."

"நீங்க கடைக்கும் வீட்டுக்கும் அலையறீங்க."

அந்தச் சமயத்தில்தான் பஸ் விவகாரம் வந்தது. பஸ் ஸ்டாண்டிலிருந்து கலெக்டர் ஆபீசுக்கு வருகிற டவுன் பஸ்ஸில் முதல் படியே முட்டி உயரத்துக்கு இருக்கும். எங்கள் சங்கத்தில் குப்பம்மா அக்கா இரண்டு கையையும் ஊன்றித் தவழ்ந்து போகிறவர். மனு கொடுக்க வரும் ஒவ்வொரு திங்கட்கிழமையும் அவரை யாரோ ஒருவர் மூட்டை மாதிரி தூக்கி பஸ்ஸுக்குள் வைப்பார். அந்தத் தடத்துக்கு ஒரு தாழ்தளப் பேருந்து வேண்டும் என்று நான் ஒன்பது மனு எழுதியிருந்தேன். பர்வீன் சொன்னாள், "பத்தாவது மனு வேணாம்ணா. ரோட்டுல உக்காருவோம்."

ரோட்டில் உட்கார்ந்தால் என்ன நடக்கும் என்பது எங்களுக்கெல்லாம் தெரியும். போலீஸ் வரும். பேச்சுவார்த்தை நடக்கும். அப்புறம் ஒரு பஸ்ஸைக் கொண்டுவந்து எல்லோரையும் ஏற்றி ஏதாவது கல்யாண மண்டபத்தில் வைப்பார்கள். மத்தியானம் சாப்பாடு, சாயந்திரம் விடுதலை, மறுநாள் பேப்பரில் படம். இதில் பர்வீன் ஒரு யோசனை கண்டுபிடித்தாள்.

"அவங்க கொண்டாற பஸ்ஸும் அதே முட்டி உயரப் படிதான். நாம கைதாக ரெடின்னு சொல்லுவோம். ஆனா நாங்க ஏறற மாதிரி பஸ் கொண்டாங்கன்னு கேப்போம். யாரும் தூக்க விடக்கூடாது. யாரும் தவழவும் கூடாது. எங்களைக் கைது பண்ணக்கூட ஒங்ககிட்ட பஸ் இல்லையேன்னு ஊரு பாக்கட்டும்."

நல்ல யோசனை. அதனாலேயே எனக்கு அன்று ராத்திரி சோறு இறங்கவில்லை. தீர்மானப் புத்தகத்தில் என் கையெழுத்தில் நானே எழுதினேன். தீர்மானம் மூன்று: 'உறுப்பினர் எவரையும் எவரும் தூக்க அனுமதிப்பதில்லை. உறுப்பினர் எவரும் சிரமப்பட்டுப் பேருந்தில் ஏறுவதில்லை.' எழுதிய கை இதே கைதான். மறந்துவிட்டேன் என்று சாக்குச் சொல்ல முடியாது.

அந்தத் திங்கட்கிழமை நாற்பது பேர் ரோட்டில் உட்கார்ந்தோம். இன்ஸ்பெக்டர் வந்தார். பின்னாலேயே பஸ்ஸும் வந்தது. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டத்துக்கு விடுகிற மாதிரி பழைய பஸ். பர்வீன் கேட்டதைக் கேட்டதும் இன்ஸ்பெக்டர் முகம் வேர்த்துவிட்டது. "மேடம், கைது பண்றதுக்கு நான் எங்க போய் அந்த மாதிரி பஸ் தேடுவேன்?" என்றார். கூட்டம் கை தட்டியது. பத்திரிகைக்காரர் ஓடிவந்தார். நான் அவசரமாகத் தலையைச் சீவிக்கொண்டு பர்வீன் பக்கத்தில் போய் நின்றேன்.

"அண்ணா, கொஞ்சம் அப்படி நவுருங்க. பர்வீன் அக்கா மறையறாங்க," என்றார் பத்திரிகைக்காரர்.

நவுர்ந்தேன். அதையாவது பொறுத்திருப்பேன். பர்வீன் அடுத்துச் செய்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அவள் எனக்கு நல்லது செய்தாள்.

"எங்க செயலாளர் பேசுவாரு," என்று மைக்கை என் கையில் கொடுத்துவிட்டாள்.

மைக்கைப் பிடித்தேன். நாற்பது பேர், பத்துப் போலீஸ், ரோட்டில் நின்றுபோன இரண்டு லாரி, ஒரு கரும்பு ஜூஸ் வண்டி, எல்லாம் என்னையே பார்த்தன. மைக் 'கூ' என்று கத்தியது. நான் கத்தவில்லை. கடைசியில் "மதிப்பிற்குரிய ஐயா" என்றேன். அதற்கு மேல் வரவில்லை. கரும்பு ஜூஸ்காரர் சிரித்தார். மைக்கைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

அப்போது மூளையில் என்ன ஓடியது என்று இன்றைக்கும் என்னால் சரியாகச் சொல்ல முடியவில்லை. வாயால் காட்ட முடியாததைக் காலால் காட்டுகிறேன் என்று தோன்றியது. (அதுவும் எந்தக் கால்!) பஸ் கதவு திறந்து கிடந்தது. பஸ் நின்ற இடத்தில் நடைபாதைத் திண்டு. அதன் மேல் நின்றால் படி ஓர் அடி கம்மி. ஊன்றுகோலை உள்ளே போட்டுவிட்டு இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்தேன். இடது காலைத் தூக்கி வைத்தேன். இரும்புக் காலை இழுத்தேன். கிறீச். அடுத்த படி. கிறீச்.

"இன்னாப்பா அது," என்று மாணிக்கம் அண்ணன் குரல் கேட்டது. "ஏழுமலை சத்தம் மேலருந்து கேக்குது?"

ஏறிவிட்டேன். கதவில் நின்று திரும்பிப் பார்த்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பர்வீனை ஒருத்தரும் பார்க்கவில்லை. பத்திரிகைக்காரர் என்னைப் படம் எடுத்தார், முழு உருவமாக. அந்தச் சந்தோஷம் ஐந்து எண்ணுகிற நேரம் இருந்திருக்கும்.

ஆறாவதில் இன்ஸ்பெக்டர் மைக்கை வாங்கினார். "பாருங்க! இந்த அண்ணன் ஏறிட்டாரு! மனசு இருந்தா போதும்! படியில ஒரு கொறையும் இல்ல! எல்லாரும் வாங்க!"

அவ்வளவுதான். கை தட்டியவர்கள் கையை மடக்கிக்கொண்டார்கள். ஒருத்தரும் வரவில்லை. பஸ் கிளம்புகிறபோது ஜன்னல் வழியாகப் பர்வீனைப் பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து தரையில் எதையோ பிடித்துக்கொண்டிருந்தாள். என்னவென்று தெரியவில்லை.

பஸ்ஸில் நான், ஒரு ஏட்டு, டிரைவர். ஐம்பது சீட்டில் மூன்று பேர். முகூர்த்த நாள் என்பதால் பக்கத்து மண்டபம் எதுவும் கிடைக்கவில்லை. அடி அண்ணாமலை பக்கம் ஒரு மண்டபம் பிடித்திருந்தார்கள். கிரிவலப் பாதையில் பஸ் போனது. எல்லோரும் செருப்பில்லாமல் நடந்து மலையைச் சுற்றிக்கொண்டிருக்க, நான் மட்டும் அரசு செலவில் தனி பஸ்ஸில் சுற்றினேன். ஒரு சாமியார் யாரோ பெரிய மனிதர் என்று நினைத்துக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன்.

ஏட்டு நோட்டைத் திறந்தார். "பேரு?"

"ஏழுமலை."

"மத்தவங்க?"

"நான் மட்டும்தான் சார்."

"சட்ட விரோதமா கூட்டம் கூடினாங்கன்னு எழுதணும். ஒத்த ஆளை எப்படிங்க கூட்டம்னு எழுதறது?" கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்தார். "நீங்க மனு எழுதறவர்தானே? ஒரு வழி சொல்லுங்களேன்."

வேறு வழியில்லாமல் நானே எழுதிக் கொடுத்தேன். (பழக்கதோஷத்தில் "மதிப்பிற்குரிய ஐயா" என்று ஆரம்பித்துவிட்டேன். அதை அடித்துவிட்டு எழுதச் சொன்னார்.)

மண்டபம் வந்தது. வாசலில் மேனேஜர் நின்றார். அவருக்குப் பின்னால் மேஜையில் நாற்பது பொட்டலம் தயிர் சாதம், நாற்பது ஊறுகாய்.

"இறங்குங்க சார்," என்றார் ஏட்டு.

படியில் வந்து நின்று கீழே பார்த்தேன். இங்கே நடைபாதைத் திண்டு இல்லை. தரை, கிணற்றில் தண்ணீர் தெரிகிற மாதிரி எங்கேயோ தெரிந்தது. காலிபர் போட்டவனுக்கு ஒரு விதி உண்டு. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது இரும்புக் கால் முதலில். இரும்புக் காலைத் தொங்கவிட்டேன். காற்றில் ஆடியது. ஊன்றுகோலை விட்டுப் பார்த்தேன். அதற்கும் எட்டவில்லை. நல்ல கால் நடுங்க ஆரம்பித்தது. ஏறும்போது பொறாமை தூக்கிவிட்டது. இறக்கிவிட அது வரவில்லை.

"நான் தூக்கிடறேன் சார்," என்று ஏட்டு குனிந்தார். குனிந்தவர் அப்படியே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு டிஸ்க்கு ப்ராப்ளம் வேற."

"தூக்கக் கூடாதுங்க," என்றேன். "எங்க சங்கத் தீர்மானம்."

தீர்மானம் எல்லாம் அப்புறம். இந்த ஏட்டு என்னோடு சேர்ந்து விழுவார் என்ற பயம்தான் முதலில். திரும்ப சீட்டில் போய் உட்கார்ந்தேன். வெயில் ஏறியது. ஏட்டு ஒரு தயிர் சாதத்தை ஜன்னல் வழியாகக் கொடுத்தார்.

அப்போது என் பெண்ணிடமிருந்து போனில் ஒரு வீடியோ வந்தது. நான் பஸ்ஸில் ஏறுகிறேன். பின்னால் உருக்கமான பாட்டு. கீழே எழுத்து: 'கால் தடுத்தாலும் மனம் தடுக்கவில்லை! தன்னம்பிக்கை நாயகன்!' ஊரெல்லாம் சுற்றுகிறதாம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். மூன்று தடவை பார்த்தேன். இரண்டாம் தடவை கண் கலங்கியது. பர்வீனுக்கு யாரும் பாட்டுப் போட்டதில்லை.

நாலாவது தடவைதான் ஓரத்தைக் கவனித்தேன். இன்ஸ்பெக்டர் "எல்லாரும் வாங்க" என்றதும், குப்பம்மா அக்கா தார் ரோட்டில் இரண்டு கையையும் ஊன்றி, பஸ்ஸை நோக்கித் தவழ்ந்து வருகிறார். நான் கதவில் நின்று கேமராவுக்குச் சிரித்துக்கொண்டிருக்கிறேன். பர்வீன் நாற்காலியிலிருந்து குனிந்து அக்காவின் தோளைப் பிடித்து நிறுத்துகிறாள். அவள் பிடித்துக்கொண்டிருந்தது அதுதான்.

தயிர் சாதப் பொட்டலத்தை மடித்துப் பக்கத்துச் சீட்டில் வைத்துவிட்டேன்.

செல்வி போன் செய்தாள். "பார்த்தேன், பார்த்தேன். துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போங்கன்னா கால் வலிக்குதுன்னு பத்து வருஷமா சொல்றீங்க. பஸ்ஸுல மட்டும் பறந்து ஏறுறீங்க?"

"செல்வி…"

"இறங்கியாச்சா?"

"அது வந்து…"

"ஏங்க, இன்னும் பஸ்ஸுலயா இருக்கீங்க?" அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்து முடிக்கிற வரைக்கும் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் ஆனது. "ஒண்ணு செய்யுங்க. பர்வீனுக்கு போன் போடுங்க."

அந்த நம்பரை அழுத்துவதைவிட அந்தப் படியில் குதித்துவிடலாம் என்று இருந்தது. யாராவது வந்து ரகசியமாகத் தூக்கி இறக்கினால் நாளைக்கு நான் நாயகன். பேப்பரில் முழு உருவம். ஆனால் பஸ் வராது. குப்பம்மா அக்காவைத் திங்கட்கிழமைதோறும் மூட்டையாகத் தூக்குவார்கள். "அவரே ஏறினாரே" என்று என் படத்தைக் காட்டுவார்கள். போதாததற்கு, வெளியே சொல்ல முடியாத இன்னொரு அவசரமும் எனக்கு வந்திருந்தது.

அழுத்தினேன்.

"பர்வீன்மா… ஏறிட்டேன். இறங்க முடியல."

அவள் திட்டவில்லை. "இறங்கிடாதீங்கண்ணா. யாராச்சும் தூக்க வந்தா கம்பியைப் புடிச்சுக்கோங்க. வந்துகினே இருக்கோம்."

கிரிவலப் பாதையில் சைடு வீல் ஸ்கூட்டர்கள் வரிசையாக வந்தன. மாணிக்கம் அண்ணன் ஒன்றில் பின்னால் உட்கார்ந்திருந்தார். பர்வீனும் குப்பம்மா அக்காவும் ஷேர் ஆட்டோவில் வந்தார்கள். பத்திரிகைக்காரர் வந்தார். தகவல் தெரிந்து இன்ஸ்பெக்டரும் வந்து சேர்ந்தார்.

பர்வீன் மைக் எடுக்கவில்லை. ஜன்னலுக்குக் கீழே நாற்காலியைக் கொண்டுவந்து நிறுத்தி, "அண்ணா, இன்னா கஷ்டம்னு சார்கிட்ட நீங்களே சொல்லுங்க," என்றாள்.

மறுபடியும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நாக்கு மேலே போகப் பார்த்தது. ஆனால் அவசரம் கூச்சத்தைவிடப் பெரியது.

"சார், மனசு இருக்குதுங்க. படிதான் உயரமா இருக்குது. ஏறிட்டேன், இறங்க முடியல. மூணு மணி நேரமா ஒண்ணுக்குப் போவணும்."

மாணிக்கம் அண்ணன் சொன்னார். "பதினாலு வருஷத்துல இவன் எழுதின எந்த மனுவும் இவ்ளோ தெளிவா இல்ல."

இன்ஸ்பெக்டரே சிரித்துவிட்டார். பர்வீன் மேனேஜரைக் கூப்பிட்டு, "சமையல் அண்டாவெல்லாம் லாரியிலருந்து எப்படி இறக்குவீங்க?" என்று கேட்டாள். ஒரு நீளப் பலகையைக் கொண்டுவந்தார்கள். சாம்பார் வாசனை அடிக்கிற பலகை. அதைப் பஸ் கதவில் சாய்த்து, வழுக்காமல் இருக்கக் கீழ் முனையை இன்ஸ்பெக்டர் தன் பூட்ஸ் காலால் மிதித்துக்கொண்டார். கிறீச், கிறீச் என்று இறங்கினேன். நேராகப் பாத்ரூம். (அதற்கும் இரண்டு படி. அதே பலகைதான்.)

திரும்பி வந்தபோது யாரும் கைதாகாமலே மிச்சத் தயிர் சாதத்தைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் குப்பம்மா அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் உள்ளங்கை சிராய்த்திருந்தது.

"மன்னிச்சுடுக்கா."

"நீ ஏறினியா, நானும் ஏறாட்டி சங்கத்துக்கு அவமானம்னு நெனச்சேன்டா." ஊறுகாயை என் கையில் வைத்தார். "மொதல்ல ஒன் முட்டிக்கு எண்ணெ போடு. ஊரே கேக்குது."

மறுநாள் இரண்டு பேப்பரில் படம் வந்தது. ஒன்றில் நான் ஏறுகிற படம், 'தன்னம்பிக்கை' என்று தலைப்பு. அந்தப் பேப்பருக்கு நானே மறுப்பு எழுதி அனுப்பினேன். போடவில்லை. (முந்நூற்று ஓராவது மனு.) இன்னொன்றில் பலகையும் பர்வீனும். 'கைது செய்யவும் பேருந்து இல்லை' என்று பெரிய எழுத்து. அந்தப் படத்தின் மேல் ஓரத்தில் என் இரும்புக் காலும் ஒரு ஷூவும் தெரிகின்றன. பர்சில் முழங்கைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். இன்னும் சில வருஷத்தில் முழு ஆளும் சேர்ந்துவிடுவேன்.

தாழ்தளப் பேருந்து இன்னும் வரவில்லை. "ஆய்வில் இருக்கிறது" என்கிறார்கள். "என்னிக்கு சார்?" என்று பர்வீன் கேட்டுக்கொண்டிருக்கிறாள். ஆனால் இப்போதெல்லாம் எங்கள் போராட்டத்துக்கு வருகிற போலீஸ் பஸ்ஸில் ஒரு பலகை இருக்கிறது. ஊருக்குள் எங்கள் ஆட்கள் தூக்காமல், தவழாமல் ஏறக்கூடிய ஒரே பஸ் எங்களைக் கைது செய்ய வருகிற பஸ்தான். ஏட்டு அதை 'ஏழுமலை பலகை' என்கிறார்.

வீட்டில் இன்னும் மோசம். நான் ஸ்டூல் பக்கம் போனாலே என் பெண், "அப்பா, பர்வீன் அக்காவுக்கு போன் போட்டுட்டு ஏறுப்பா" என்பாள். பரணிலிருந்து பானை எடுத்தாலும் அதேதான். சொந்தக்காரர்கள் வரைக்கும் பரவிவிட்டது.

போன மாசம் என் மச்சினன் மகளுக்குக் கல்யாணம். வாழ்த்துச் சொல்ல மேடைக்குப் போக வேண்டும். வலது பக்கம் ஐந்து படி. இடது பக்கம் புதுசாக ஒரு சாய்தளம், கம்பளம் எல்லாம் விரித்து. மண்டபத்தில் யார் சொல்லி வைத்தது என்று கேட்கவே வேண்டாம். பர்வீன் ஏற்கனவே மேலே போய் மாப்பிள்ளையோடு படம் எடுத்துக்கொண்டிருந்தாள். நடுவில்.

என் கால் தானாகப் படிப் பக்கம் திரும்பியது. முட்டி 'கிறீச்' என்றது. பின்னாலிருந்து செல்வி, மூன்று வரிசைக்குக் கேட்கிற மாதிரி, "ஏங்க! போன் போட்டுட்டீங்களா?" என்றாள்.

மூன்று வரிசையும் சிரித்தது. நான் சாய்தளத்தில் ஏறினேன். கம்பி சரியான உயரத்தில் இருந்தது. கால் கொஞ்சமும் வலிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.